மேரி கட்டடமும் ஆறு சுயேச்சைகளும்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போகும் பழைய அலுவலக நண்பர்கள் நாங்கள் ஐந்து பேர். 2021 வரை ஐந்து பேர் என்று சொல்ல வேண்டும். இப்போது நான்கு பேர்தான் சேர்ந்து நடக்கிறோம். ஐந்தாமவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, நல்ல சுகத்தோடு இருக்கிறார். நாங்கள் காந்தி சிலைப் பக்கம் நடந்தால் அவர் டூப்ளே சிலைப் பக்கம் தனியாக நடக்கிறார். முப்பது வருடம் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கோப்பு எழுதியவர்கள் நாங்கள். அவர் பெண் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நான்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஓய்வு பெற்றவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பென்ஷன், அகவிலைப்படி, யார் காலமானார், எந்தக் கோயிலில் என்ன உற்சவம் என்று போய்க்கொண்டிருந்த குழு அது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் அதில் நான் ஒரு வரி எழுதினேன்: “எங்கள் தொகுதியில் இந்தத் தடவை என் ஓட்டு ஒரு சுயேச்சைக்கு.” அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் என் நண்பர் எழுதினார்: “அவன் யாருடைய ஆள்? யாரை ஜெயிக்க வைக்க நீ ஓட்டைப் பிரிக்கிறாய்?” நான் பதில் எழுத, அவர் ஒரு வீடியோவை அனுப்ப, எதிர்க்கட்சிக்காரர் இன்னொரு வீடியோவை அனுப்ப, இரவு பதினோரு மணிக்குள் நான் இரண்டு கட்சிக்கும் துரோகி ஆகிவிட்டேன்.

என் சுயேச்சை டெபாசிட் இழந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் அந்தத் தேர்தலில் நம் ஊரில் நடந்த ஒரு விஷயத்தை நாம் உட்கார்ந்து பேசவே இல்லை. 2021 மே 2-ஆம் தேதி எண்ணிக்கை முடிந்தபோது, முப்பது இடங்களில் ஆறில் சுயேச்சைகள் வென்றிருந்தார்கள். என்.ஆர். காங்கிரஸ் பத்து, பி.ஜே.பி. ஆறு, தி.மு.க. ஆறு, காங்கிரஸ் இரண்டு, சுயேச்சைகள் ஆறு. ஐந்தில் ஒரு பங்கு சுயேச்சைகள்! அதே நாளில் தமிழ்நாட்டில் 234 இடங்களுக்கு எண்ணினார்கள். அங்கே ஒரு சுயேச்சைகூட இல்லை.

திருபுவனை, உழவர்கரை, உருளையன்பேட்டை, முத்தியால்பேட்டை, காரைக்கால் பக்கம் திருநள்ளாறு, ஆந்திரத்துக்குள் இருக்கும் நம் ஏனாம் ஆகியவை அந்த ஆறு தொகுதிகள். ஏனாமில் தோற்றவர் சாதாரண ஆள் இல்லை, ரங்கசாமி அவர்களே. தட்டாஞ்சாவடியிலும் நின்று வென்றதால் அவர் முதலமைச்சர் ஆனார். ஏனாமில் கொல்லப்பள்ளி ஸ்ரீநிவாஸ் அசோக் என்ற இளைஞர் அவரை 655 ஓட்டில் தோற்கடித்தார். அதற்கு முந்தின 2016 தேர்தலில் மாகேயில் ராமச்சந்திரன் என்ற சுயேச்சை ஒரு முன்னாள் காங்கிரஸ் அமைச்சரைத் தோற்கடித்தார். அவருக்குப் பின்னால் மார்க்சிஸ்டுகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது ஏன் நம் ஊரில் முடிகிறது? கணக்கு எளிது. புதுவை மாநிலம் முழுவதும் 2021-இல் சுமார் பத்து லட்சம் வாக்காளர்கள். முப்பதால் வகுத்தால் தொகுதிக்கு முப்பத்துமூவாயிரம் சொச்சம். தமிழ்நாட்டில் அப்போது ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல் வந்தது. இங்கே ஒரு வேட்பாளர் காலையும் மாலையும் நடந்தாலே பதினைந்து நாளில் எல்லாத் தெருவையும் பார்த்துவிடலாம். அவர் அப்பா யார், எந்தச் சாவு வீட்டுக்கு வந்தார், எதற்கு வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

நான் 1972-இல் கீழ்நிலை எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவன். 1974 தேர்தலில் முதல் முறையாக வாக்குச்சாவடி வேலைக்குப் போட்டார்கள். பிரெஞ்சில் படித்த எனக்குத் தேர்தல் விதிகளின் இங்கிலீஷ் அப்போது முழுதாகப் புரியவில்லை. தலைமை அலுவலராக வந்த பள்ளி ஆசிரியர்தான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் கொடுத்தார். விரலில் மை வைப்பது, சீட்டை மடித்துக் கொடுப்பது, பெட்டிக்கு அரக்கு சீல் வைப்பது, எல்லாம் அவரிடம் கற்றது. அந்தத் தேர்தலில் அமைந்த அமைச்சரவை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. முப்பது பேர் சபையில் ஒரு கை இந்தப் பக்கம் சாய்ந்தால் மந்திரிசபை, அந்தப் பக்கம் சாய்ந்தால் கவர்னர் ஆட்சி. ஓய்வு பெறும் வரை ஏறக்குறைய எல்லாத் தேர்தலிலும் வேலை செய்தேன். ஒரு சுயேச்சையின் ஓட்டுக்கு இந்த ஊரில் என்ன விலை என்பதை நான் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சுயேச்சைக்குச் சட்டம் எளிதாக வழி விடுவதும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். சின்னம் கடைசியில்தான் கிடைக்கும். 2021-இல் மனுவைத் திரும்பப் பெறும் நாள் மார்ச் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. ஆக, சின்னத்தை ஜனங்கள் மனதில் பதிய வைக்கப் பதினைந்து நாள். வாக்குச்சீட்டில் பெரிய கட்சிகள் மேலே, பதிவு செய்த சிறு கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசி. இந்த ஏற்பாட்டுக்கும் காரணம் உண்டு. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டிவந்ததே! அதன் பிறகுதான் டெபாசிட் தொகையை 250-லிருந்து 5,000 ஆக்கினார்கள். இப்போது பத்தாயிரம். இத்தனையையும் தாண்டி ஆறு பேர் வந்தார்கள் என்றால், கட்சிக்கு வெளியே நிற்பவரைத் தேர்ந்தெடுக்க நம் ஜனங்களுக்கு இன்னும் மனசு இருக்கிறது என்றுதான் பொருள்.

வந்த பிறகு என்ன ஆனது? மே 7-ஆம் தேதி ரங்கசாமி முதலமைச்சராகப் பதவியேற்றார். சில நாளில் மத்திய அரசு மூன்று பி.ஜே.பி.காரர்களை நியமன உறுப்பினர் ஆக்கியது. திருபுவனை, உழவர்கரை, ஏனாம் சுயேச்சைகள் மூவரும் பி.ஜே.பி.க்கு ஆதரவு என்றார்கள். ஆறும் மூன்றும் மூன்றும் பன்னிரண்டு. பத்து இடம் வென்ற முதலமைச்சரின் கட்சியைவிடக் கூட்டணிக் கட்சியின் பலம் பெரிதாகிவிட்டது. யாருக்கு எத்தனை மந்திரி என்று பேசி முடித்து மற்ற அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 27-இல். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்ஸிஜன் படுக்கைக்கு ஊர் அலைந்த அந்த ஐம்பது நாளும் முதலமைச்சர் மட்டும்தான் அமைச்சரவை.

அந்த மூவர் சட்டத்தை மீறினார்களா? இல்லை. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, சுயேச்சையாக வென்றவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். ஆதரவு கொடுப்பதற்குத் தடை இல்லை. உறுப்பினர் அட்டை வாங்காத வரை எந்தக் கட்சி அலுவலகத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். நாற்பது வருடம் கோப்பில் “விதிகளுக்கு உட்பட்டது” என்று எழுதியவன் நான். விதிக்கு உட்பட்டதெல்லாம் நியாயம் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். சுயேச்சை என்று நம்பி ஓட்டுப் போட்டவருக்கு, “ஜெயித்தால் எந்தப் பக்கம் உட்காருவேன்” என்று முன்கூட்டியே சொல்வது குறைந்தபட்ச மரியாதை.

அவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. வென்றவர் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கே கூட்டம். என்ன கேட்கிறார்கள்? தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக்கொண்டது, முதியோர் பென்ஷன் வரவில்லை, குடிநீரில் உப்பு. இதெல்லாம் சட்டமன்ற உறுப்பினர் வேலையா? இல்லை, நகராட்சிக் கவுன்சிலர் வேலை. கவுன்சிலர் எங்கே? அதுதான் கேள்வி.

பிரெஞ்சுக்காரர் 1880-இல் இங்கே கொம்யூன்களை அமைத்தார்கள். ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேர், ஒரு சபை. அந்தக் காலத்துத் தேர்தல்கள் யோக்கியமாக நடந்தன என்று நான் சொல்ல மாட்டேன். கத்தியும் தடியும் வந்த கதையை நம் தாத்தாக்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வாய்க்காலுக்கு ஒரு ஆள், சட்டத்துக்கு வேறு ஆள் என்ற பிரிவாவது இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது தெரியுமா? 2006-இல், முப்பத்தெட்டு வருடம் கழித்து! அப்போது வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் மறுபடி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுத் தகராறில் நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. இதை எழுதும் இன்று வரை நடக்கவில்லை.

கடற்கரையில் நம் பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது நினைவிருக்கும். அன்று நானும் போய்ப் பார்த்தேன். என் பிறப்புப் பதிவு இருந்த இடம். அதை அதே அச்சில் திரும்பக் கட்டினார்கள், நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். 2021 பிப்ரவரி 25-இல் பிரதமர் வந்து திறந்துவைத்தார். மூன்று நாள் முன்னால்தான், பிப்ரவரி 22-இல், பன்னிரண்டுக்குப் பதினாலு என்ற நிலையில் நாராயணசாமி அரசு கவிழ்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்துப் பதினாலில் மூன்று பேர் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத நியமன உறுப்பினர்கள். ஆக, நமக்கு மேரி இருக்கிறது, மேர் இல்லை.

கவுன்சிலர் இல்லாத ஊரில் சட்டமன்ற உறுப்பினர்தான் எல்லாம். பணமும் ஆணையும் வருவது ஆளும் பக்கத்திலிருந்து. சுயேச்சையாகவே இருந்தால் தன் தெரு வாய்க்காலைத் தூர் வாரக்கூட அவர் யார் தயவையோ பார்க்க வேண்டும். ஒரு வருடம் பார்ப்பார், பிறகு சாய்வார். அவரைச் சாய வைப்பதில் நம் பங்கும் இருக்கிறது.

இதோடு கைபேசியும் சேர்ந்துகொண்டது. ஆரம்பத்தில் நான் கைபேசி சுயேச்சைகளுக்கு வரம் என்று நினைத்தேன். போஸ்டர் செலவு இல்லை, மேடை இல்லை, பத்திரிகையின் தயவு வேண்டாம், நேரே வாக்காளனிடம் பேசலாம். நடந்தது வேறு. என் சுயேச்சையும் நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் ஒரு தெரு விடாமல் பட்டியல் போட்டு, எந்த வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தார். எங்கள் குழுவில் அதை ஒருவரும் அடுத்தவருக்கு அனுப்பவில்லை. அதே நாளில் எந்த ஊரிலோ, எந்த வருடமோ நடந்த ஒரு கோயில் சண்டை வீடியோ எனக்கு ஏழு பேரிடமிருந்து வந்தது. வாய்க்காலைப் பார்த்து யாருக்கும் ரத்தம் கொதிப்பதில்லை. கொதிக்க வைக்கும் சரக்கு கட்சிகளிடம் இருக்கிறது, அதை நாள்தோறும் தயார் செய்ய ஆளும் பணமும் இருக்கிறது.

அந்தத் தேர்தலின்போது ஒரு வழக்கு வந்தது. வாக்குச்சாவடி வாரியாக வாட்ஸ்அப் குழுக்களில் சேரச் சொல்லிப் புதுவை வாக்காளர்களின் கைபேசிக்கு இணைப்பு அனுப்பப்படுகிறது, ஆதார் எண்ணோடு இணைந்த கைபேசிகளுக்கு மட்டுமே அது வருகிறது என்று பி.ஜே.பி. மீது ஒரு இளைஞர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தங்கள் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் எண்களை வாங்கினார்கள் என்றது கட்சி. தகவல் எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். அந்த ஆணையமே விசாரிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்க நான் யார்? என்னை உறுத்துவது வேறு. நான் வேலை பார்த்த காலத்தில் வாக்குச்சாவடி என்பது ஒரு பள்ளிக்கூட அறை. எல்லாக் கட்சி ஏஜெண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்துத் தயிர் சாதத்தைப் பிரித்துத் தின்பார்கள். இப்போது அதே வாக்குச்சாவடியின் பெயரில் கைபேசிக்குள் ஒரு அறை. அதில் ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும். எல்லாக் கட்சிகளும் இன்று அப்படித்தான் அறை கட்டிக்கொள்கின்றன.

அந்தக் காலத்தில் நமக்குள் சண்டையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. குபேர் கட்சி, சுப்பையா கட்சி என்று ஊர் இரண்டாக நின்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்குப் பன்னிரண்டு வயதில், 1962 ஆகஸ்ட் 16-இல், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன். கூடத்தில் அவர்கள் போட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஆனால் அடுப்பு ஒன்றுதான். ராத்திரி ஒரே பலகையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள், ஏனென்றால் வேறு இடம் இல்லை. சத்தம் போட்டவனுக்கு ரசம் ஊற்ற வேண்டியிருந்ததால், சண்டைக்கு ஒரு எல்லை இருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் யாருக்கும் ரசம் ஊற்ற வேண்டியதில்லை.

அந்தச் சித்தப்பா மகன் இப்போது பிரான்சில் ஒரு சிறு கொம்யூனில் ஓய்வாக இருக்கிறான். அவன் ஊர் மேர் எந்தக் கட்சி என்று கேட்டேன். “சான் ஸெத்திகெத்” என்றான். ஒட்டுச்சீட்டு இல்லாதவர் என்று பொருள். அந்த நாட்டில் சிறு கொம்யூன்களில் பெரும்பாலான மேர்கள் அப்படித்தான். ஜனாதிபதி தேர்தலில் நிற்க ஐந்நூறு மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்து வேண்டும் என்பதால், பெரிய தலைவர்களே இந்தச் சின்ன மேர்களைத் தேடி வருகிறார்கள். பிரான்சிலும் அரசியல் வெறுப்பு குறைவில்லை. 2018-இல் மஞ்சள் சட்டைக்காரர் போராட்டம் ஃபேஸ்புக்கில் பற்றித்தான் தெருவுக்கு வந்தது. ஆனாலும் ஊர் மேரை மட்டும் ஜனங்கள் கட்சி பார்க்காமல் நம்புகிறார்கள் என்றான். கட்சி சாராதவர் பழகுவதற்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது. நாம் அந்த இடத்தைக் கல்லும் சுண்ணாம்பும் போட்டு அழகாகக் கட்டி வைத்து, ஆளை மட்டும் உட்கார வைக்காமல் இருக்கிறோம்.

அடுத்த சட்டமன்றத் தேர்தல் நெருங்குகிறது. வாசலுக்கு வரும் எல்லா வேட்பாளரிடமும் உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று கேளுங்கள். சுயேச்சை வந்தால், ஜெயித்த பிறகு எந்தப் பக்கம் உட்காருவீர்கள், எதற்காக என்று தெருவில் நாலு பேர் முன்னால் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். அப்புறம், யார் வீடியோ அனுப்பினாலும் அதை அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன், அது நம் ஊர் சங்கதியா என்று ஒரு தடவை பாருங்கள். இந்த மூன்றும் செய்தால் நல்லவர் ஜெயித்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. நின்று பார்க்கவாவது ஒருவருக்குத் துணிவு வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்று விடியற்காலை என் கைபேசி அடித்தது. மூன்று வருடம் கழித்து என் பழைய நண்பர். கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர், மனைவிக்கு நடக்க முடியாது, வாய்க்கால் எதிர்த்துக்கொண்டு வருகிறது, யாரிடம் சொல்வது என்று கேட்டார். கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பார். நான் எனக்குத் தெரிந்த இரண்டு எண்களைக் கொடுத்து, மகனை அனுப்பி வைத்தேன். பத்து நிமிஷம் பேசினோம். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போதும் அவர் டூப்ளே சிலைப் பக்கம்தான் நடக்கிறார். ஆனால் எதிரே வந்தால் கையைத் தூக்குகிறார். நானும் தூக்குகிறேன்.